முள் அசையாத இடமே அளவு: சமனச்சுற்று பற்றிய வாசகர் கேள்விகள்

மின்தடையை அளக்கும் முறைகளைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தாமிரபரணியின் இரு கரைகளிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சமனச்சுற்றை (பிரிட்ஜ்) பற்றியே கேட்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இம்முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மீட்டர் சமனச்சுற்றுச் சோதனையில் கால்வனாமீட்டரின் முள் சுழிக்கு வந்தால் போதும் என்கிறார்கள். எந்த அளவையும் சொல்லாத ஒரு கருவியை வைத்துக்கொண்டு மின்தடையைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது எப்படி? சமன் புள்ளி கம்பியின் நடுப்பகுதியில் அமைய வேண்டும் என்றும், இரண்டு தடைகளையும் இடம் மாற்றி மறுபடியும் அளக்க வேண்டும் என்றும் எங்கள் ஆசிரியை வற்புறுத்துவது ஏன்?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: மிகச் சிறு மின்னோட்டத்துக்கும் முள் அசையும் கருவியே கால்வனாமீட்டர். அது எந்த அளவையும் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் இந்த முறையின் முழு பலமும். ஓம் விதியை நேரடியாகப் பயன்படுத்தி ஒரு தடையை அளக்க முற்பட்டால் மின்னோட்டத்தை ஒரு கருவியிலும் மின்னழுத்தத்தை இன்னொரு கருவியிலும் படிக்க வேண்டும். அப்போது இரண்டு கருவிகளின் பிழைகளும் விடையில் வந்து சேர்கின்றன. போதாததற்கு, வோல்ட்மீட்டர் தனக்கென எடுத்துக்கொள்ளும் சிறு மின்னோட்டமும் அம்மீட்டரின் கணக்கில் கலந்துவிடுகிறது.

சமனச்சுற்றில் நான்கு தடைகள் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களாக இணைக்கப்படுகின்றன. மீட்டர் சமனச்சுற்றில் அவற்றுள் இரண்டு, ஒரு மீட்டர் நீளக் கம்பியில் தொடுசாவி தொடும் இடத்துக்கு இரு புறமும் உள்ள பகுதிகள். ஒரு மூலைவிட்டத்தில் மின்கலமும் மற்றொரு மூலைவிட்டத்தில் கால்வனாமீட்டரும் இருக்கின்றன. கால்வனாமீட்டரின் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்துக்கு வரும்போது அதன் வழியே மின்னோட்டம் செல்வதில்லை; அந்த நிலையில் முதல் இரு தடைகளின் விகிதம் அடுத்த இரு தடைகளின் விகிதத்துக்குச் சமமாகிறது. இந்தச் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள்: அதில் மின்கலத்தின் வோல்ட் இல்லை, கால்வனாமீட்டரின் தடை இல்லை, அதன் அளவுகோலின் பிரிவுகளும் இல்லை. ஆகவே மின்கலம் சற்றுப் பழையதாக இருந்தாலும், கால்வனாமீட்டரின் அளவுகோடுகள் சீராக இல்லாவிட்டாலும் விடை மாறாது. திருநெல்வேலி டவுன் ரத வீதி நகைக்கடைகளில் முன்பு இருந்த தட்டுத் தராசின் முள்ளுக்கு எடை தெரிய வேண்டியதில்லை. இரண்டு தட்டும் ஒத்திருக்கின்றனவா என்பதை நுட்பமாகக் காட்டினால் போதும், எடையைச் சொல்வது படிக்கற்களின் வேலை. இங்கே படிக்கற்களின் இடத்தில் அளவு தெரிந்த தடைகள் அடங்கிய தடைப்பெட்டி இருக்கிறது, தராசுக் கோலின் இரு கைகளின் இடத்தில் ஒரு மீட்டர் நீளக் கம்பி இருக்கிறது. கால்வனாமீட்டரிடம் நாம் கேட்பது உணர்வுநுட்பம் ஒன்றைத்தான்.

இந்த அமைப்பை 1833இல் முதலில் விவரித்தவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர். பத்து ஆண்டுகள் கழித்து, 1843இல், சார்லஸ் வீட்ஸ்டன் அதை எடுத்து விரிவாக்கிப் பரப்பினார். வீட்ஸ்டன் தம் கட்டுரையில் கிறிஸ்டியின் பெயரை மறைக்கவில்லை; ஆயினும் உலகம் வீட்ஸ்டன் பெயரையே வைத்துக்கொண்டது. உங்கள் பாடநூலில் கிறிஸ்டியின் பெயர் இல்லையென்றால் ஓரத்தில் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஆசிரியையின் இரண்டு கட்டளைகளுக்கு வருவோம். கம்பியின் மேல் சமன் நீளத்தைப் படிக்கும்போது ஒரு மில்லிமீட்டர் பிழை நேர்வதாக வைத்துக்கொள்வோம். சமன் புள்ளி 50 சென்டிமீட்டரில் இருந்தால் அந்தப் பிழை விடையில் 0.4 சதவீதமாக வெளிப்படும். அதே ஒரு மில்லிமீட்டர், சமன் புள்ளி 10 சென்டிமீட்டரில் இருக்கும்போது 1.1 சதவீதமாகவும், 5 சென்டிமீட்டரில் இருக்கும்போது 2.1 சதவீதமாகவும் வளர்ந்துவிடுகிறது. கண்ணின் பிழை ஒன்றுதான். இடம்தான் அதைப் பெரிதாக்குகிறது. எனவே தடைப்பெட்டியில் எடுக்கும் தடை, தெரியாத தடைக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும்படி முதலில் ஒரு தோராய அளவு எடுத்துக்கொள்வது நல்லது.

இடம் மாற்றுவதற்குக் காரணம் வேறு. கம்பியின் இரு முனைகளும் செப்புப் பட்டைகளோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் இடங்களில் சிறு தடைகள் ஒளிந்திருக்கின்றன. அவை கம்பியின் நீளம் இரு புறமும் சற்றுக் கூடியதுபோன்ற விளைவைத் தருகின்றன, அதுவும் இரு புறமும் ஒரே அளவில் அல்ல. தடைகளை இடம் மாற்றி இரண்டாவது முறை அளந்து, தெரியாத தடைக்கு எதிரே அமைந்த நீளத்தை இரண்டு அளவுகளிலும் எடுத்துச் சராசரி கண்டால் முனைப்பிழை எனப்படும் இந்தப் பிழை பெரும்பாலும் நீங்குகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்த்தால், சமன் புள்ளி சரியாக நடுவில் இருக்கும்போது மட்டுமே முனைப்பிழை முழுவதும் நீங்குகிறது, நடுவிலிருந்து விலக விலக அதில் ஒரு பகுதி எஞ்சி நிற்கிறது. அதாவது ஆசிரியையின் இரண்டு கட்டளைகளும் தனித்தனியானவை அல்ல. ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்கிறது. முனைப்பிழை அடியோடு இல்லாத முறை வேண்டுமென்றால் 1872இல் கேரி ஃபாஸ்டர் வகுத்த சமனச்சுற்றுக்குப் போக வேண்டும். கல்லூரிக்குச் சென்றால் அதைச் செய்வீர்கள். அங்கே இரண்டு சமன் புள்ளிகளுக்கு இடையிலான நகர்வு மட்டுமே இரு தடைகளின் வேறுபாட்டைச் சொல்லிவிடும்.

செய்முறையில் மூன்று விஷயங்களை விடாமல் கடைப்பிடியுங்கள். தொடுசாவியைக் கம்பியின் மேல் இழுத்துச் செல்லாதீர்கள். தொட்டு எடுத்துத் தொட்டு எடுத்து நகர்த்துங்கள், இல்லையேல் கம்பி தேய்ந்து அதன் குறுக்களவு இடத்துக்கு இடம் மாறிவிடும். முதல் தேடலில் கால்வனாமீட்டருடன் ஓர் உயர்தடையைத் தொடராக இணைத்திருங்கள். முள் ஏறக்குறையச் சுழிக்கு வந்த பின்பு அதை எடுத்துவிடுங்கள். சமன் கண்ட பிறகு மின்கலத்தின் முனைகளை மாற்றி இணைத்து ஒருமுறை சரிபாருங்கள். வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடங்களில் வெப்பத்தால் எழும் மைக்ரோவோல்ட் அளவிலான மின்னழுத்தம் இருந்தால் அது அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: ஐயா, நான் முப்பேஸ் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறேன். சம்சாரிகள் கொண்டுவரும் கிணற்று மோட்டார்களில் மூன்று காயிலையும் மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்தால் ஒரு முறை 1.4, அடுத்த முறை 1.6, இன்னொரு முறை 1.5 என்று வருகிறது. மூன்றும் சமமாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று எப்படி உறுதி செய்வது? "அண்ணாச்சி, ஒரு காயிலில் சுற்று குறைச்சலா இருக்கு" என்று ஒருவர் மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.
– காயில் கட்டும் பட்டறைக்காரர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் கையின் மேல் குறை இல்லை, நீங்கள் அளப்பது காயிலை மட்டும் அல்ல என்பதே காரணம். மல்டிமீட்டரின் இரண்டு வயர்களுக்கும் சேர்த்து 0.2 அல்லது 0.3 ஓம் வரை தடை இருக்கும். முனையை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறீர்கள், காயில் நுனியில் வார்னிஷ் எவ்வளவு சுரண்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத் தொடுமுனைத் தடையும் மாறுகிறது. நூற்றுக்கணக்கான ஓம்களை அளக்கும்போது இது பொருட்டல்ல. ஒன்றரை ஓம் காயிலில் இதுவே ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடலாம்.

வீட்ஸ்டன் சமனச்சுற்றும் இந்த இடத்தில் கைகொடுக்காது, ஏனென்றால் இணைப்பு வயரின் தடையும் அதன் ஒரு கிளைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர். அவருடைய இரட்டைச் சமனச்சுற்று 1860களின் தொடக்கத்தில் வந்தது. அதில் அளக்கப்படும் தடைக்கு நான்கு முனைகள் உண்டு: வெளிப்புறத்து இரண்டு முனைகள் மின்னோட்டத்தைச் செலுத்துவதற்கு, உட்புறத்து இரண்டு முனைகள் மின்னழுத்தத்தை எடுப்பதற்கு. மின்னோட்டம் செல்லும் வயர்களின் தடை அளவுக்குள் வராமல் வெளியே நிற்கிறது. மின்னழுத்தம் எடுக்கும் வயர்களின் தடை, அவற்றோடு தொடராக இருக்கும் பெரிய விகிதத் தடைகளுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போகிறது. இரண்டாவது விகிதக் கிளைத் தொகுதி ஒன்று சேர்க்கப்பட்டிருப்பதால், தெரிந்த தடையையும் தெரியாத தடையையும் இணைக்கும் கட்டையான வயரின் தடையும் சமன்பாட்டிலிருந்து விலகிவிடுகிறது. ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் இவ்வாறுதான் அளக்கிறார்கள்.

பழைய கெல்வின் பிரிட்ஜ் ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டாலும் அதன் நான்கு முனைத் தத்துவத்தை உங்கள் பட்டறையிலேயே பயன்படுத்தலாம். ஒரு 12 வோல்ட் பேட்டரி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு ஹெட்லைட் பல்பு, ஓர் அம்மீட்டர் ஆகியவற்றைக் காயிலோடு தொடராக இணைத்து ஒன்றிரண்டு ஆம்பியர் செலுத்துங்கள். பிறகு மல்டிமீட்டரை டி.சி. வோல்ட் நிலையில் வைத்து, மின்னோட்ட வயர்கள் பிடிக்கும் இடத்தைத் தொடாமல், அதற்கு உட்புறமாகக் காயிலின் உடம்பிலேயே இரு முனைகளையும் வைத்துப் படியுங்கள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் காயிலின் தடை மட்டும் கிடைக்கும். மூன்று காயில்களையும் தொடராக இணைத்து ஒரே மின்னோட்டத்தைச் செலுத்தினால் ஆம்பியரைப் படிக்கவே வேண்டாம். மூன்று வோல்ட்டுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டாலே போதும். என் விருப்பம் இந்த இரண்டாவது வழிதான், ஏனென்றால் அம்மீட்டரின் பிழைக்கும் இதில் இடமில்லாமல் போகிறது. ஒரு எச்சரிக்கை: பேட்டரியைக் கழற்றும் முன்பு மல்டிமீட்டரை எடுத்துவிடுங்கள். காயிலில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைத் திடீரென்று அறுத்தால் எழும் மின்னழுத்தம் மீட்டரைக் கெடுக்கும், கையையும் உலுக்கிவிடும்.

மூன்று காயில்களும் ஒரு புள்ளியில் சேரும் ஸ்டார் இணைப்பில் இரண்டு லைன்களுக்கு இடையே அளந்தால் இரண்டு காயில்களின் கூட்டுத் தடை வரும். மூன்றும் முக்கோணமாகச் சேரும் டெல்டாவில் அளந்தால் ஒரு காயிலின் தடையில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். இணைப்பைக் கழற்றாமல் அளப்பவர்கள் இதனால் குழம்புவதுண்டு.

செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடுகிறது. வெயிலில் கிடந்த மோட்டாரையும் நிழலில் இருந்த மோட்டாரையும் ஒப்பிட்டால், 15 டிகிரி வேறுபாடே 6 சதவீத வேறுபாடாகத் தோன்றும். எனவே ஒரே மோட்டாரின் மூன்று காயில்களை ஒரே நேரத்தில் ஒப்பிடுங்கள்; இரண்டு மோட்டார்களை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் ஓர் இரவு ஒரே அறையில் வைத்துவிட்டுக் காலையில் அளவெடுங்கள்.

இந்தக் குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். ஓடும் மோட்டாரின் காயிலுக்குள்ளே எவ்வளவு சூடு என்பதை வெளிப்புறத்து உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் காயிலின் தடை சொல்லும். மோட்டார் குளிர்ந்திருக்கும்போது தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையில் நெடுநேரம் ஓட்டி நிறுத்தியவுடன், தாமதிக்காமல், மீண்டும் அளவெடுங்கள். சூடான தடையைக் குளிர்ந்த தடையால் வகுத்து, குளிர்ந்த வெப்பநிலையோடு 235ஐக் கூட்டி வரும் எண்ணால் பெருக்கி, அதிலிருந்து 235ஐக் கழித்தால் காயிலின் சராசரி வெப்பநிலை கிடைக்கும். 30 டிகிரியில் 1.20 ஓம் இருந்த காயில் ஓடி நின்றவுடன் 1.48 ஓம் காட்டினால், அது ஏறக்குறைய 92 டிகிரிக்குச் சூடாகியிருக்கிறது என்று பொருள். 235 என்பது செம்புக்குரிய எண். அலுமினியக் கம்பிக்கு 225. மல்டிமீட்டரின் இரண்டு முனை அளவு இந்தக் கணக்குக்கு உதவவே உதவாது என்பதை இப்போது நீங்களே உணர்வீர்கள்: 0.1 ஓம் பிழையே இருபது டிகிரிக்கு மேல் விலகிப்போகச் செய்துவிடும்.

உங்களிடம் திருப்பிக் கொண்டுவரப்பட்ட மோட்டாரைப் பற்றி ஒரு சொல். ஒரு காயிலில் பத்துச் சுற்று குறைந்திருந்தால் மேற்கண்ட முறையில் ஐயமின்றித் தெரியும். ஆனால் ஒரே ஒரு சுற்று மட்டும் பக்கத்துச் சுற்றோடு ஷார்ட் ஆகியிருந்தால் தடையில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியது. அதைக் குரோலர் என்ற சோதனைக் கருவியை வைத்தோ, சுமையில்லாமல் ஓட்டி மூன்று லைன்களின் ஆம்பியரை ஒப்பிட்டோதான் கண்டுபிடிக்க வேண்டும். தடை சமமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து மோட்டார் நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் எடை மேடையில் விடியற்காலையில் லாரி ஏறாதபோது சுழி காட்டுகிறது, உச்சி வெயிலில் அதே காலி மேடை 20 கிலோ, 30 கிலோ என்று காட்டுகிறது. உள்ளே இருப்பதும் சமனச்சுற்றுதான் என்று பழுதுபார்க்க வந்தவர் சொன்னார். உண்மையா?
– எடை மேடை நடத்துபவர், தாழையூத்து

பதில்: உண்மைதான். மேடையின் அடியில் மூலைக்கு மூலை இருக்கும் லோடு செல் ஒவ்வொன்றும் ஓர் எஃகுக் கட்டை. அதன் மேல் மெல்லிய உலோகத் தகட்டாலான திரிபு உணரிகள் நான்கு ஒட்டப்பட்டு, ஒரு வீட்ஸ்டன் சமனச்சுற்றின் நான்கு கிளைகளாக இணைக்கப்பட்டிருக்கின்றன. கம்பியை இழுத்தால் அதன் தடை கூடுகிறது என்பதை 1856இலேயே மேற்சொன்ன கெல்வின் பிரபு ஒரு சமனச்சுற்றைக் கொண்டு காட்டியிருந்தார். அதைப் பொருளின் மேல் ஒட்டி அளக்கும் உணரியாக்கியவர்கள் அமெரிக்காவின் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூகே என்ற இருவர். 1938இல், ஒருவரையொருவர் அறியாமலே அதைச் செய்தார்கள்.

இங்கே நடக்கும் அளவு எவ்வளவு நுண்ணியது என்று பாருங்கள். 350 ஓம் தடையுள்ள உணரி, மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவுக்கு நீளும்போது அதன் தடை 0.7 ஓம்தான் கூடுகிறது. லாரி ஏறும்போது இரண்டு உணரிகள் நீள்கின்றன, இரண்டு சுருங்குகின்றன. எதிரெதிர்க் கிளைகளில் அவை அமைந்திருப்பதால் விளைவு நான்கு மடங்காகச் சேர்ந்து, சமனச்சுற்றுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 2 மில்லிவோல்ட் வெளிவருகிறது. 10 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமையில் 20 மில்லிவோல்ட். 30 டன் தாங்கும் ஒரு செல்லில் 10 கிலோ என்பது அந்த 20 மில்லிவோல்ட்டில் மூவாயிரத்தில் ஒரு பங்கு, ஏழு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு.

வெயிலின் சூட்டில் உணரியின் தடையும் மாறுகிறது, எஃகும் விரிகிறது. ஒரே ஓர் உணரியை வைத்து அளந்தால் இந்த மாற்றம் எடையாகவே தோன்றும். நான்கு கிளைகளும் ஒரே எஃகுக் கட்டையின் மேல் ஒரே அளவில் சூடாவதால் விகிதம் மாறுவதில்லை, சமனும் கெடுவதில்லை. சமனச்சுற்று இல்லாமல் நம் ஊர் வெயிலில் எடை மேடை என்ற ஒன்றே சாத்தியமாகியிருக்காது. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களின் உந்துவிசையை அளக்கும்போதும் இந்த வகை உணரிகளைத்தான் நம்புகிறார்கள்.

அப்படியானால் உங்கள் மேடை ஏன் மாறுகிறது? நான்கு கிளைகளும் சமமாகச் சூடாகாதபோது சுழி நகரும். மேடையின் ஒரு பக்கத்தில் மட்டும் நேர் வெயில் படுகிறதா, அந்தப் பக்கத்துச் செல்லுக்கு நிழல் தரும் தகடு கழன்று போயிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்பு பார்க்க வேண்டியது மேடைக்கும் சுற்றுச் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி: சிமெண்ட் தூளும் சல்லியும் அங்கே இறுகிக் கிடந்தால், உச்சி வெயிலில் மேடை விரியும்போது அது சுவரில் முட்டி நிற்கும், அதைச் செல் எடையாகவே உணரும். மழைக்காலத்திலும் சுழி ஆடுகிறது என்றால் வயர்கள் சேரும் ஜங்ஷன் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது என்று ஐயப்படலாம். இடைவெளியைச் சுத்தம் செய்வது உங்கள் வேலை. அரசு முத்திரை இடப்பட்ட பெட்டியை மட்டும் உரிமம் பெற்றவர் வராமல் திறக்காதீர்கள்.

கேள்வி: காற்றாலைகளுக்கு இடையே பூமிக்கு அடியில் செல்லும் கேபிளில் ஒரு வயர் எங்கோ மண்ணைத் தொட்டுவிட்டது. 600 மீட்டரையும் தோண்டாமல் இடத்தைக் கண்டுபிடிக்கச் சமனச்சுற்று உதவுமா?
– மின் தொழில்நுட்பப் பணியாளர், பணகுடி

பதில்: உதவும், தந்திக் காலத்திலிருந்தே உதவிவருகிறது. முர்ரே வளையச் சோதனை என்று இதற்குப் பெயர். மின்சாரத்தைத் துண்டித்து, கேபிளை மண்ணோடு தொடுத்துச் சேமிப்பு மின்னூட்டத்தை வெளியேற்றிய பிறகு, தொலை முனையில் பழுதான வயரையும் நல்ல வயர் ஒன்றையும் கட்டையான இணைப்பால் சேர்த்துவிடுங்கள். இப்போது 1,200 மீட்டர் நீளமுள்ள ஒரு வளையம் கிடைத்திருக்கிறது. அண்மை முனையில் இந்த இரண்டு வயர்களின் நுனிகளுக்கும் இடையே கால்வனாமீட்டரையும் இரண்டு விகிதக் கிளைகளையும் இணைத்து, மின்கலத்தின் ஒரு முனையை விகிதக் கிளைகள் சேரும் இடத்திலும் மறு முனையை மண்ணிலும் கொடுங்கள். பழுதுவரை உள்ள நீளம் ஒரு கிளையாகவும் வளையத்தின் எஞ்சிய பகுதி மற்றொரு கிளையாகவும் அமைகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மண்ணைத் தொடும் பழுதின் தடை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஈரத்தைப் பொறுத்து அது நிமிடத்துக்கு நிமிடம் மாறவும் செய்யும். ஆனால் அந்தத் தடை மின்கலத்தின் பாதையில் மட்டுமே இருக்கிறது, நான்கு கிளைகளில் எதிலும் இல்லை. ஆகவே அது முள்ளின் துடிப்பைக் குறைக்குமே தவிர, சமன் இடத்தை மாற்றாது. விகிதக் கிளைகளில் பழுது வயரின் பக்கத்துப் பங்கு நூற்றுக்கு 31 என்று வந்தால், 1,200 மீட்டரில் அது 372 மீட்டர். அடுத்து மறு முனைக்குச் சென்று இதே சோதனையைச் செய்யுங்கள். 228 மீட்டருக்கு அருகில் வந்தால் இரண்டு அளவுகளும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன, அதன் பிறகு மண்வெட்டியை எடுக்கலாம். வழியில் வேறு பருமனுள்ள கேபிள் இணைக்கப்பட்டிருந்தால் அதன் நீளத்தை முதல் கேபிளின் தடைக்கு ஈடாக மாற்றிக் கணக்கிட வேண்டும். தொலை முனை இணைப்பு தளர்வாக இருந்தால் அந்தத் தடையும் நீளமாகக் கணக்கில் ஏறும்; எனவே அதை நன்றாக முறுக்கி நெரித்து இணைத்துவிடுங்கள். கேபிளில் உள்ள மூன்று வயர்களும் பழுதாகிவிட்டால் இந்தச் சோதனைக்கு வழியில்லை. திரும்பி வருவதற்கு ஒரு நல்ல வயராவது வேண்டும்.

கேள்வி: மாறுதிசை மின்னோட்டச் சமனச்சுற்றுகளில் மட்டும் ஏன் இத்தனை பெயர்கள்? மேக்ஸ்வெல், ஹே, ஆண்டர்சன், வீன், ஷேரிங் என்று மனப்பாடம் செய்து முடியவில்லை.
– பாலிடெக்னிக் மாணவர், தென்காசி

பதில்: மனப்பாடம் செய்யாதீர்கள், எது எதற்கு என்று கேளுங்கள். மாறுதிசையில் அளவும் கட்டமும் (பேஸ்) இரண்டும் ஒருசேரச் சமனாக வேண்டும், ஆகவே திருப்புவதற்கு இரண்டு குமிழ்கள் வேண்டும். ஒன்றைத் திருப்பும்போது மற்றொன்றின் சமன் கெடாமல் இருப்பது நல்ல சமனச்சுற்றுக்கு அடையாளம். காயிலின் தூண்டு எண்ணை (இண்டக்டன்ஸ்), சுலபமாகச் செய்யக்கூடிய மின்தேக்கியோடு ஒப்பிடுவது மேக்ஸ்வெல், வீன் ஆகியோரின் வழி. அதில் அதிர்வெண் சமன்பாட்டிலிருந்து விலகிவிடுவதால் மின்மூலம் சற்றுத் தடுமாறினாலும் பாதகமில்லை. இழப்பு மிகக் குறைந்த காயில்களுக்கு ஹேயின் அமைப்பு வசதியானது. வீனின் பெயரிலுள்ள மற்றொரு அமைப்பில் அதிர்வெண்ணே சமனைத் தீர்மானிக்கிறது. அதனாலேயே அது அதிர்வெண்ணை அளக்கவும் அலையியற்றிகளிலும் பயன்படுகிறது. ஷேரிங்கின் அமைப்பு 1920இல் வந்தது. உயர் மின்னழுத்தத்தில் மின்காப்புப் பொருளின் இழப்பைக் காட்டுவது அதன் வேலை. டிரான்ஸ்ஃபார்மரின் புஷிங்கில் ஈரம் இறங்கியிருக்கிறதா, காப்பு முதுமை அடைந்துவிட்டதா என்பதைத் துணை மின்நிலையங்களில் டான் டெல்ட்டா சோதனை என்ற பெயரில் பார்க்கிறார்களே, அதன் வேர் இதுதான்.

கேள்வி: டிஜிட்டல் மீட்டர்கள் இவ்வளவு மலிந்த பிறகும் சமனச்சுற்று தேவையா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: கையால் சமன் செய்வது குறைந்துவிட்டது; ஒப்பீடு குறையவில்லை. எடை மேடையின் டிஜிட்டல் பெட்டியும் வெளிவரும் மில்லிவோல்ட்டைக் கொடுத்த வோல்ட்டோடு ஒப்பிட்டு விகிதத்தையே எண்ணாக்குகிறது. 1980இல் கிளாஸ் வான் கிளிட்சிங் கண்டறிந்த குவாண்டம் ஹால் விளைவு, 25,812.807 ஓம் என்ற மாறாத ஒரு தடையை இயற்கையிலேயே காட்டித் தந்தது. உலகின் தேசிய ஆய்வகங்கள் அந்தத் தடையிலிருந்து தங்கள் படித்தரத் தடைகளுக்கு அளவைக் கொண்டுவரும்போது பயன்படுத்துவதும் மிகு குளிர்நிலையில் இயங்கும் ஒருவகைச் சமனச்சுற்றுதான்.

கேள்வி: பழைய அஞ்சலகப் பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. பித்தளைச் சாவிகள் கறுத்துவிட்டன. பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் அளவுக்கு அதை மீட்க முடியுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: பெரும்பாலும் முடியும், ஐயா. பித்தளைச் சாவியை எடுத்தால் அதற்குரிய சுருளின் தடை சுற்றில் சேரும் ஒரு சமனச்சுற்றுப் பெட்டி அது. உள்ளே இருக்கும் சுருள்கள் பொதுவாக மாங்கனின் என்ற உலோகக் கலவைக் கம்பியாலானவை. வெப்பத்தால் அதன் தடை மிகச் சிறிதே மாறும், செம்போடு சேரும் இடத்தில் எழும் வெப்ப மின்னழுத்தமும் மிகக் குறைவு. கம்பியை இரட்டையாக மடித்துச் சுற்றியிருப்பதால் தூண்டலும் இராது. ஆகவே சுருள் அறுந்திராத வரை பெட்டி பயன்படும். கெடுவது சாவிகளும் அவை அமரும் குழிகளும்தான். அவற்றை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். கூம்பின் சாய்வு கெட்டுவிட்டால் சாவி மறுபடியும் முழுமையாக அமராது. ஸ்பிரிட் நனைத்த மென்துணியால் துடைத்து, சாவியை அழுத்தி லேசாகத் திருகி அமர்த்துங்கள். ஒரு சாவியை எடுத்தபின் பக்கத்துச் சாவிகளை மீண்டும் ஒருமுறை திருகிவிடுவது நல்லது, ஏனென்றால் ஒன்றை இழுக்கும்போது அடுத்தது தளர்கிறது.

பிறகு பெட்டியை அதைக் கொண்டே சோதிக்கலாம். 100 ஓம் அளவிலான ஏதேனும் ஒரு தடையை இணைத்து, விகிதக் கிளைகளை 10க்கு 10, 100க்கு 100, 1000க்கு 1000 என்று மூன்று முறை மாற்றிச் சமன் காணுங்கள். மூன்று முறையும் ஒரே விடை வந்தால் விகிதக் கிளைகள் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றன. ஒரு முறை மட்டும் விலகினால் அந்த விகிதத்தின் சாவிகளை மீண்டும் துடையுங்கள். அடுத்து 5 ஓமுக்கு அருகிலுள்ள ஒரு தடையை இணைத்து, விகிதக் கிளைகள் இரண்டும் போக மீதியுள்ள மூன்றாவது கிளையில் 5 ஓம் சாவியை மட்டும் எடுத்து முள்ளின் விலகலைக் குறித்துக்கொள்ளுங்கள். பின் அதை அமர்த்திவிட்டு 1, 2, 2 ஆகிய மூன்றையும் எடுத்துப் பாருங்கள். விலகல் ஒன்றாகவே இருக்க வேண்டும். 10, 20, 20 ஓம் சாவிகளை 50 ஓமுடன் ஒப்பிட்டு, இப்படியே 5,000 ஓம் வரை ஏறிச் செல்லலாம். சாவியை அழுத்தும் வரிசையில் மின்கலத்தின் சாவி முதலில், கால்வனாமீட்டரின் சாவி பிறகு. விடும்போது இதற்கு நேர் மாறாக. 1000க்கு 10 என்ற விகிதத்தில் இந்தப் பெட்டி ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு வரை சொல்லும்.